கட்டளையா, மெனுவா?

எஸ்.பி.எஸ்.எஸ். என்னும் புள்ளியியல் மென்பொருள் 1968-இல் தோன்றியபோது, கட்டளைகளை அட்டையில் துளையிட்டுத்தான் கணிப்பொறிக்குக் கொடுத்தார்கள். பின்னர் விண்டோஸ் பதிப்பு வந்தது. மெனுவைத் திறந்து சுட்டினால் போதும். நானும் அப்படியே தொடங்கினேன்.

ஆய்வேட்டுக்காக 60 குடும்பத் தலைவர்களைச் சந்தித்தேன். வயது சொல்லாத நால்வருக்கு 99 என்று குறியீடு இட்டேன். சராசரி வயது 44.87 என வந்தது. "99-ஐ விடுபட்ட மதிப்பு என்று அறிவித்தாயா?" என்று கேட்டார் பேராசிரியர். நான் விழித்தேன். எந்தப் பெட்டியில் எதைச் சுட்டினேன் என்பதே நினைவில் இல்லை. 18 அட்டவணைகளையும் மறுபடி போட வேண்டியதாயிற்று.

இம்முறை கட்டளையாகவே எழுதினேன்: 'மிஸ்ஸிங் வேல்யூஸ் வயது (99).' இறுதியிலுள்ள புள்ளியும் கட்டளையின் பகுதியே. அதை மறந்து ஒரு மாலையை இழந்தது தனிக்கதை! சராசரி 41-க்கு இறங்கியது. பிறகு மேலும் மூன்று குடும்பங்களைச் சேர்க்க நேர்ந்தபோது, அதே கட்டளைக் கோப்பை மீண்டும் ஓட்டினேன். அட்டவணைகள் யாவும் ஒரு நிமிடத்தில் வந்துவிட்டன.

புதிதாகக் கற்கும் நண்பர்கள் மெனுவை வெறுக்க வேண்டியதில்லை. அதன் பெட்டிகளில் 'ஓகே'க்கு அருகே 'பேஸ்ட்' என்றொரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால், நாம் சுட்டியவை கட்டளையாக எழுதப்பட்டுத் தனிச் சாளரத்தில் நிற்கும். நான் அறிந்த கட்டளைகளில் பாதி அங்கே படித்தவைதாம்.