பிள்ளை அதையே மறுபடியும் கேட்கும்போது



தங்குமிடத்திலிருந்து தோட்டத்துக்குத் திரும்பியிருக்கிறீர்கள். கூரைத் தகரம், அரிசி, பிரட்டு நேரம் என்று தலையில் பல சுமைகள். இந்த நேரத்தில் பிள்ளை, "அம்மா, மழை வருது. மலை இடிஞ்சு விழுமா?" என்று பத்தாவது தடவையாகக் கேட்கிறது. "சும்மா இரு, கர்த்தர் பார்த்துக்குவார்" என்கிறோம். அது விசுவாச வார்த்தைதான். ஆனால் பிள்ளையின் காதில் விழுவது "சும்மா இரு" என்பது மட்டுமே.

பயத்துக்குக் காரணம் உண்டு

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்கள் புதைந்தன. அதற்குள் பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். அவர்களில் சிலர் பெற்றோரை இழந்தார்கள். நம் பிள்ளையும் இதைக் கேள்விப்பட்டிருக்கலாம். ஆகவே பாடசாலைக்குப் போக அடம்பிடித்தால் சோம்பல் என்று முடிவு செய்யாதீர்கள். "நான் போனபிறகு அம்மாவுக்கு ஏதாவது ஆனா?" என்ற பயமாக இருக்கலாம். படுக்கையை நனைப்பது, தம்பியை அடிப்பது, பேசாமல் ஒதுங்குவது ஆகியவற்றுக்குப் பின்னாலும் அதே பயம் இருக்கக்கூடும்.

வேதத்தில் ஒரு பாடம்

1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் எலியா பயந்து ஓடி, சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழ் படுத்தான். ஆண்டவர் முதலில் புத்தி சொல்லவில்லை. தூங்கவிட்டார், அடையும் தண்ணீரும் கொடுத்தார். பிறகு ஓரேப் மலையில் அவனை விசாரித்தார். எலியா மனக்குறையைக் கொட்டினான். பாறையை உடைக்கும் காற்றும், பூமியதிர்ச்சியும், நெருப்பும் கடந்தபின் ஆண்டவர் மறுபடியும் அதையே கேட்டார். எலியாவும் அதே பதிலைச் சொன்னான். "முன்பே சொன்னாயே" என்று ஆண்டவர் அதட்டவில்லை. கேட்டு முடித்தபின்பே வேலையையும், துணைக்கு எலிசாவையும் காட்டினார்.

நாம் செய்யக்கூடியவை

1. முதலில் சோறும் தூக்கமும். பசியிலும் களைப்பிலும் இருக்கும் பிள்ளையை விசாரிக்க வேண்டாம்.

2. வேலை விட்டு வந்தபின் 10 நிமிடம் இஸ்தோப்பில் பக்கத்தில் உட்காருங்கள். கீரை ஆய்ந்துகொண்டே பேசலாம். முகம் பார்த்துப் பேசத் தயங்கும் பிள்ளை இப்படிப் பேசும்.

3. அதன் உணர்வைச் சொல்லிக் காட்டுங்கள்: "மழைச் சத்தம் கேட்டா பயமா இருக்கா கண்ணு? அன்னைக்கு எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு."

4. "இனி மண் சரியாது" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். உண்மையைச் சொல்லுங்கள்: "எச்சரிக்கை வந்தா உடனே எல்லாரும் பாதுகாப்பான இடத்துக்குப் போயிடுவோம். நான் மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்தா அப்பாயி உன்னைக் கூட்டிட்டுப் போவாங்க." போக வேண்டிய இடத்தையும் வழியையும் முன்னதாக நடந்து காட்டுங்கள்.

5. சிறு பொறுப்புக் கொடுங்கள். டோர்ச்சையும் பிறப்புச் சான்றிதழ்ப் பையையும் ஓரிடத்தில் வைப்பது பிள்ளையின் வேலையாகட்டும்.

6. கடைசியில் ஜெபியுங்கள். பிள்ளை சொன்ன பயத்தை அதன் சொற்களிலேயே ஆண்டவரிடம் சொல்லுங்கள்.

எப்போது உதவி தேட வேண்டும்?

சில வாரங்களுக்குப் பிறகும் பிள்ளை சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல் இருந்தால் தோட்ட வைத்தியசாலையில் காட்டுங்கள். சாவதைப் பற்றிப் பேசினால் அன்றே போங்கள். தேசிய மனநல உதவிக்கு 1926, சிறுவர் பாதுகாப்புக்கு 1929 ஆகிய இலக்கங்களுக்கும் அழைக்கலாம்.

இன்றிரவு

பிள்ளை அதே கேள்வியைக் கேட்டால், பதில் சொல்லுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "உனக்கு எது ரொம்பப் பயமா இருக்கு?" பிறகு, பிள்ளை முடிக்கும்வரை பேசாமல் கேளுங்கள்.