தாமிர இணைப்பும் தீயின் அளவும்

வேளச்சேரி–தாம்பரம் சாலையிலுள்ள இராஜகீழ்ப்பாக்கம் முன்னர் ஏரியைச் சார்ந்த கிராமம். 2021-ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சியுடன் இணைந்தது. இத்தகைய புறநகர்களில் குளிர்சாதனங்களைப் பழுதுபார்க்கக் கற்ற இளைஞர்கள், இன்று நம் ஊராட்சிகளிலும் பால் குளிரூட்டும் கலன்களையும் வெந்நீர்க் குழாய்களையும் சீர்செய்து வருகின்றனர். அவர்களிடம் வேலை கொடுக்கும் நாமும் அத்தொழிலின் அடிப்படையைச் சிறிதேனும் அறிதல் நலம்.

தாமிரம் 1,085 டிகிரி சென்டிகிரேடில் உருகும். அதனை உருக்காமல், அதனினும் விரைவில் உருகும் உலோகத்தை இடுக்கில் பாய்ச்சுவதே பற்றவைப்பு. அவ்வுலோகம் 450 டிகிரிக்குக் கீழ் உருகுமாயின் ஈயப் பற்றவைப்பு என்றும், மேற்படின் பிரேசிங் என்றும் கூறுவர். தீ மிகுந்தால் பிடிப்பும் மிகும் என்று பலர் எண்ணுகின்றனர், அது தவறு. பெருந்தீயில் இளக்கி கருகிவிடும். கருகிய இடத்தில் பற்றாசு ஒட்டாது. முனைகளை உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, இளக்கி தடவி, குழாயையே சூடாக்க வேண்டும். பற்றாசின் மீது தீயைக் காட்டலாகாது. சூடு பக்குவமானதும், திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் பற்றாசு தானே இடுக்கினுள் ஏறிவிடும். குழாயில் நீர் தங்கியிருப்பின் சூடும் ஏறாது; நீராவி வெடித்துக் கையைச் சுடவும் கூடும். எனவே நீரை வடித்துக் குழாயைத் திறந்து வைத்தே தொடங்குக.

குடிநீர்க் குழாயாயின் பற்றாசு எதனாலானது என்று அவசியம் விசாரிக்க வேண்டும். நாம் இரண்டு உலோகங்களையும் ‘ஈயம்’ என்றே வழங்குவது பெருங்குழப்பம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தாலானது. மலிவான பற்றாசிலோ 100-க்கு 40 பங்கு காரீயம் இருப்பதுண்டு. இரவெல்லாம் தேங்கிய நீரில் அது கரையும். நிறமோ மணமோ காட்டாது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அமெரிக்காவில் 1986-லேயே குடிநீர்க் குழாய்களுக்குக் காரீயப் பற்றாசு தடைசெய்யப்பட்டது. வெள்ளீயம் 97, தாமிரம் 3 பங்கு கலந்த பற்றாசு 227 டிகிரியில் இளகத் தொடங்கும். காரீயக் கலவைக்கு வேண்டியதைவிடச் சற்றே கூடுதல் சூடு, அவ்வளவே.

தீ விபத்து பெரும்பாலும் வேலை முடிந்த பின்னரே நேர்கிறது. ஒரு மாட்டுக் கொட்டகையில் குழாய் ஒட்டியபின் யாவரும் உணவருந்தச் சென்றுவிட, கூரைக் கீற்று புகைந்துகொண்டிருந்ததை நாமே கண்டோம். நல்லவேளையாக மாடுகள் மேய்ச்சலில் இருந்தன. கூரையருகே ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, வாளி நீரை அருகில் வைத்து, முடிந்த பிறகும் ஒரு மணி நேரமாவது ஒருவர் காவலிருத்தல் வேண்டும். சமையல் எரிவாயு காற்றினும் கனமானது. கசிந்தால் பள்ளத்தில் தேங்கும். ஆகவே கிணற்றுக்குழியிலும் மூடிய அறையிலும் உருளையை வைக்கலாகாது. கசிவைச் சோப்பு நீரால் பார்க்க வேண்டுமேயன்றித் தீக்குச்சியால் அன்று.

குளிர்சாதனக் குழாயில் அபாயம் வேறு. உள்ளிருக்கும் வாயுவை முறைப்படி அகற்றாமல் தீயைக் காட்டினால், சிலவகை வாயு நச்சுப்புகையாகும்; சில எரியும். அழுத்தச் சோதனைக்கு நைட்ரஜனே ஏற்றது. ஆக்சிஜனைச் செலுத்தினால் குழாயிலுள்ள எண்ணெயுடன் சேர்ந்து வெடிக்கும். காட்மியம் கலந்த வெள்ளிப் பற்றாசின் புகை உயிரையே போக்கவல்லது. அதனை அடியோடு தவிர்க்க வேண்டும்.

குடிநீர்ப் பணிக்குப் பட்டியல் கொணரும்போது, பற்றாசுச் சுருளின் உறையையும் காட்டும்படி பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கேட்கலாம்.