தொட்டிக் காரட்டிற்கு ஏற்ற மண் கலவை

அறுந்த பாவிழையைப் பிணைத்துவிடலாம்; கவைத்துப்போன காரட்டை நேராக்க இயலாது. இளம் வேரின் நுனி கல்லிலோ கட்டியிலோ முட்டினால் கிழங்கு பிளவுபடும். பின்னர் இடும் உரம் அதனைத் திருத்தாது. ஆகவே விதைக்கு முன்னரே மண்ணைச் செம்மை செய்தல் வேண்டும்.

சலித்த செம்மண் 2 பங்கு, ஆற்று மணல் 1 பங்கு, உப்பு நீங்கக் கழுவிய தென்னை நார்க்கழிவு 1 பங்கு, நன்கு மக்கிய தொழு உரம் அரைப் பங்கு கலந்துகொள்க. பச்சைச் சாணம் கூடாது, கிழங்கு கவைக்கும். தழைச்சத்து மிகுந்தால் இலை செழித்துக் கிழங்கு சிறுக்கும்.

ஈரக் கலவையைப் பிடித்தால் உருண்டையாகி, விரல் பட்டதும் உதிர வேண்டும். உதிராவிடில் நார்க்கழிவைக் கூட்டுக. தொட்டி 12 அங்குல ஆழமும் அடியில் துளைகளும் உடையதாயிருத்தல் அவசியம். நாற்று நடாது, விதையை நேரே தூவுக.

முதலில் ஒரு தொட்டியில் பயிரிட்டுப் பார்த்துப் பிறகு மற்றவற்றிற்குச் செலவிடுவதே சிக்கனம்.