சிறையும் பால்வினை நோயும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சென்னையை ஒட்டிய அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்துக் குற்றச் செய்திகள் பலவும் ஒரே வரியில்தான் முடிகின்றன: நீதிமன்றத்தில் ஆஜர்படுத்தப்பட்டு, புழல் சிறையில் அடைக்கப்பட்டார். படிப்பவருக்குக் கதை அங்கே முடிந்துவிடுகிறது. அடைக்கப்பட்டவர் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வருகிறார். பைபாஸ் வழியாக அதே தெருவுக்கு, அதே வீட்டுக்குத் திரும்புகிறார். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கில், இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் 75 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் விசாரணைக் கைதிகள். குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள், என்றைக்கு வேண்டுமானாலும் வெளியே வரக்கூடியவர்கள். சிறைக்குள் பால்வினை நோயைக் கண்டுபிடித்துக் குணப்படுத்துவதைக் கைதிகளுக்குக் காட்டும் சலுகை என்று நினைப்பவர்கள் இந்தப் போக்குவரத்தை மறந்துவிடுகிறார்கள்.

"உள்ளே போகும்போதே எல்லா டெஸ்டும் எடுத்திருப்பாங்க"

சிறையில் மனு போட்டு ஆளைப் பார்க்கப் போகும் வீட்டார் பலர் இப்படி நம்புகிறார்கள். கைதானவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்கு முன் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போவது வழக்கம். உடம்பில் காயம் இருக்கிறதா, ரிமாண்ட் செய்யும் நிலையில் ஆள் இருக்கிறாரா என்பதுதான் அங்கே முக்கியமாகப் பார்க்கப்படுகிறது. சிறைக்குள் போனதும் சிறை மருத்துவர் இன்னொரு முறை பார்க்கிறார். பழைய நோய்கள், சாப்பிட்டு வரும் மாத்திரைகள், இருமல், எடை என்று விசாரிக்கிறார். இரண்டுமே அவசியம். ஆனால் ரத்தம் எடுத்து அதற்கென்றே சோதிக்காதவரை சிஃபிலிஸ் இந்தப் பார்வைகளில் சிக்காது. பெண்களில் பெரும்பாலானோருக்குக் கிளமிடியா என்ற பால்வினைத் தொற்று எந்த அறிகுறியும் காட்டுவதில்லை, "ஏதாவது தொந்தரவு இருக்கிறதா?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதில்தான் வரும், அது உண்மையான பதிலும்கூட.

எச்.ஐ.வி. பரிசோதனையில் 'நெகட்டிவ்' என்று வந்துவிட்டால் எல்லாமே சரி என்று எடுத்துக்கொள்வது இதோடு ஒட்டிய இன்னொரு தவறு. அது ஒரு கிருமிக்கான சோதனை மட்டுமே. சிஃபிலிஸ், ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி ஒவ்வொன்றுக்கும் தனிச் சோதனை உண்டு. போன வாரம் தொற்றிய கிருமி இந்த வாரச் சோதனையில் தெரியாமலும் போகலாம். அதனால்தான் ஆபத்து வாய்ப்பு இருந்த நபரை மூன்று மாதம் கழித்து மறுபடி சோதிக்கச் சொல்கிறார்கள். உள்ளே நுழைந்த நாளில் ஒரு சோதனை செய்து கோப்பை மூடிவிட்டால் போதாது.

"புண்ணு தானா ஆறிடுச்சு, சீக்கு போயிடுச்சு"

எனக்கு மிகவும் கவலை தரும் நம்பிக்கை இதுதான். சிஃபிலிஸ் கிருமி உடம்புக்குள் போய்ச் சராசரியாக மூன்று வாரத்தில், அது நுழைந்த இடத்தில் ஒரு புண் வருகிறது. வலிக்காது. வலிக்காததால் பலர் கவனிப்பதில்லை. கவனித்தவர்கள் மெடிக்கல் ஷாப்பில் சொல்லி ஒரு களிம்பு வாங்கிப் பூசுகிறார்கள். மூன்று முதல் ஆறு வாரத்தில் புண் தானாகவே ஆறிவிடும். களிம்பு பூசியவர் களிம்பால் ஆறியதாக நினைக்கிறார், வேண்டிக்கொண்டவர் வேண்டுதலால் ஆறியதாக நினைக்கிறார். கிருமி அதற்குள் ரத்தத்தில் கலந்துவிட்டிருக்கும். சில வாரம் கழித்து உடம்பில் சிவப்புத் தடிப்புகள் வரும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூட வரும், பொதுவாக அரிக்காது. அதுவும் போய்விடும். பிறகு வருடக்கணக்கில் எந்தச் சத்தமும் இல்லாமல் இருந்து, இதயத்தையும் மூளையையும் கண்ணையும் பாதிக்கக்கூடிய நோய் இது.

நெரிசலான சிறை அறைகளில் இதைத் தவறவிடுவது இன்னும் சுலபம். அங்கே தோல் தொந்தரவுகளுக்குப் பஞ்சமில்லை. சொறி சிரங்கு பரவும், வேர்க்குரு வரும், படர்தாமரை வரும். உள்ளங்கைத் தடிப்பைப் பார்த்து "சூட்டுக்கொப்புளம்" என்று விட்டுவிட எல்லாக் காரணமும் இருக்கிறது. இதன் மறுபக்கமும் உண்டு. தொடையிடுக்கில் அரிப்பு வந்ததும் "பொம்பளை சீக்கு" என்று பயந்து, வெட்கத்தில் யாரிடமும் சொல்லாமல் புழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பலருக்கு அது வெறும் சொறிப் பூச்சியாகவோ படர்தாமரையாகவோ இருக்கும். அதற்கும் மருந்து உண்டு. இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒருவர் உடையை விலக்கிப் பார்க்க வேண்டும். அதற்கு மறைவான ஓர் இடமும், காவலர் காதுக்கு எட்டாத தூரமும் வேண்டும்.

சோதனை பெரிய வித்தை இல்லை. ஆர்.பி.ஆர். என்ற சோதனைக்கு ஒரு வெள்ளை அட்டை, அதில் வட்டங்கள். ஒரு வட்டத்தில் ஒரு சொட்டு சீரம், அதன்மேல் கரித்துகள் கலந்த ஒரு சொட்டு மருந்து. எட்டு நிமிடம் அட்டையைச் சுழற்றுகிறார்கள். நோயில்லாதவர் வட்டம் ஒரே சீராகச் சாம்பல் நிறத்தில் இருக்கும். நோய் உள்ளவர் வட்டத்தில் கறுப்புத் துகள்கள் திரிதிரியாகக் கூடிவிடும். கண்ணாலேயே பார்க்கலாம். அன்றைக்கே முடிவு, அன்றைக்கே சிகிச்சை. நாளைக்கு ஜாமீன் கிடைத்துப் போய்விடக்கூடிய ஆளுக்கு இந்த வேகம்தான் எல்லாம். முடிவு ஒரு வாரம் கழித்து வந்து, ஆள் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்குத் திரும்பியிருந்தால் அந்தச் சோதனையால் அவருக்கு என்ன பயன்?

சிகிச்சையும் அப்படித்தான். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு பால்வினை நோய்களுக்கான மருந்துகளை ஏழு வண்ணப் பொட்டலங்களாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. ஆண்குறியிலிருந்து சீழ் வடிந்தால் சாம்பல் நிறப் பொட்டலம்: அசித்ரோமைசின் 1 கிராம், செஃபிக்சைம் 400 மில்லிகிராம், மருத்துவர் முன்னாலேயே ஒரே வேளையில் விழுங்கிவிடலாம். பிறப்புறுப்பில் புண் என்றால் வெள்ளைப் பொட்டலம், அதில் 24 லட்சம் யூனிட் பென்சாதின் பென்சிலின் ஊசி. பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவருக்கு நீலம். கொப்புளமாக வரும் ஹெர்ப்பிஸுக்குச் சிவப்பு. பெரிய ஆய்வுக்கூடம் இல்லாத இடத்திலும், அறிகுறியைப் பார்த்து உடனே மருந்து கொடுப்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு. சிறை மருத்துவமனைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. அறிகுறியே இல்லாதவரை மட்டும் இது பிடிக்காது. அதற்குத்தான் ரத்தச் சோதனை.

பென்சிலின் போட்ட அன்றே சிலருக்குக் குளிர் காய்ச்சலும் தலைவலியும் வரும். "ஊசி ஒத்துக்கல, இனிமே வேணாம்" என்று அடுத்த ஊசியை மறுத்துவிடுவார்கள். கிருமிகள் கூட்டமாகச் சாகும்போது உடம்பு காட்டும் எதிர்வினை அது, ஒரு நாளில் அடங்கிவிடும். மூச்சுத்திணறல், உடம்பெங்கும் தடிப்பு என்று வரும் ஒவ்வாமை வேறு. ஊசி போடுவதற்கு முன்பே இதைச் சொல்லிவைத்தால் பாதிப் பயம் போய்விடும்.

"பாசிட்டிவ் வந்தா தனியா வைக்கணும்"

இந்த நம்பிக்கையின் விலையைச் சென்னை பார்த்திருக்கிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டதே காவலில் இருந்த பெண்களின் ரத்தத்தில்தான். சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன், தன் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் ஆய்வுக்காக இந்தப் பொருளைக் கொடுத்தார். பாலியல் தொழில் வழக்கில் பிடிக்கப்பட்டுக் காவல் இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் நிர்மலா ரத்தம் சேகரித்தார். சென்னையில் அப்போது அதற்கான சோதனை வசதி இல்லை. மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போயின. 1986 பிப்ரவரியில் ஆறு பேருக்குத் தொற்று இருப்பது தெரிந்தது. இந்திய மருத்துவ வரலாற்றில் அது பெரிய கண்டுபிடிப்பு, அந்த இரு பெண்களுக்கும் உரிய மரியாதையை எப்போதும் செலுத்த வேண்டும்.

ஆனால் ரத்தம் கொடுத்த பெண்களுக்கு என்ன கிடைத்தது? அதற்குப் பிந்தைய ஆண்டுகளில், எச்.ஐ.வி. இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத் தண்டனைக் காலம் முடிந்த பெண்களையும் வெளியே விடாமல் இல்லத்திலேயே வைத்திருந்தார்கள். பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 1990-ல் நீதிமன்றம் அவர்களை விடுவிக்கச் சொன்னது. நோயைச் சோதித்தது அறிவியல். சோதனை முடிவையே பூட்டாக மாற்றியது பயம். அந்தப் பெண்களின் நிலையைக் கேள்விப்பட்ட எவரும் அடுத்த முறை ரத்தம் கொடுக்க முன்வந்திருப்பார்களா? அமெரிக்காவின் அலபாமா மாநிலச் சிறைகளில் இதே பயம் இன்னும் நீண்ட காலம் நீடித்தது, எச்.ஐ.வி. உள்ள கைதிகளைப் பிரித்து வைப்பது சட்டவிரோதம் என்று அங்கே நீதிமன்றம் சொன்னது 2012-ல்தான்.

ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவதாலோ, பக்கத்தில் படுப்பதாலோ எச்.ஐ.வி. பரவாது. எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தைத் (ஏ.ஆர்.டி.) தவறாமல் சாப்பிட்டு ரத்தத்தில் வைரஸ் அளவு கண்டறிய முடியாதபடி குறைந்தவரிடமிருந்து உடலுறவு மூலமாகக்கூடப் பரவுவதில்லை. ஆக, தனி அறையால் யாருக்கும் பாதுகாப்பு கூடுவதில்லை. அந்த அறையில் இருப்பவருக்கு என்ன நோய் என்பதுதான் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது.

கட்டாயப்படுத்திச் சோதிப்பதன் வரலாறு இன்னும் பழையது. பூந்தமல்லியும் பரங்கிமலையும் ஒரு காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் தங்கிய கன்டோன்மென்ட் ஊர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதராஸ் மாகாணக் கன்டோன்மென்ட்களில் சிப்பாய்களுக்கு நோய் வராமல் தடுக்க 'லாக் ஆஸ்பத்திரி'கள் நடத்தினார்கள். பெண்களைப் பதிவு செய்து, வலுக்கட்டாயமாகச் சோதித்து, நோய் இருந்தால் குணமாகும்வரை அடைத்து வைத்தார்கள். சிப்பாய்களை அப்படி அடைக்கவில்லை. பெண்கள் பதிவுக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடினார்கள், ஒளிந்தார்கள். நோயும் அவர்களோடு போனது.

இன்றைய சட்டம் இதற்கு நேர் எதிராக நிற்கிறது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், விவரம் புரிந்து கொடுக்கும் சம்மதம் இல்லாமல் யாரையும் எச்.ஐ.வி.க்குச் சோதிக்கக் கூடாது என்கிறது. முடிவை வெளியே சொல்லவும் கட்டுப்பாடு வைக்கிறது. தண்டனைக் கைதி, விசாரணைக் கைதி, தடுப்புக் காவலில் இருப்பவர் எல்லோருக்கும் ஆலோசனை, சோதனை, சிகிச்சை பெறும் உரிமை உண்டு என்று அதே சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இதை ஒரு சலுகையாகப் படிக்க அந்த வாசகத்தில் இடமே இல்லை.

"ஜெயில்ல இருந்துதான் சீக்கு வருது"

நாட்டில் வயதுவந்தோரில் ஏறக்குறைய 0.2 சதவீதம் பேருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது; தேசியக் கண்காணிப்பில் சிறைவாசிகளிடையே அது சுமார் 2 சதவீதம். பத்து மடங்கு. சிறை நோயை உற்பத்தி செய்கிறது என்று இதற்கு அர்த்தமில்லை. ஊசி வழியாகப் போதை ஏற்றிக்கொள்பவர்கள், பாலியல் தொழிலில் இருப்பவர்கள், மருத்துவமனைப் பக்கமே வராத ஏழைகள் போன்ற, ஏற்கெனவே ஆபத்தில் இருப்பவர்களைத்தான் கைது அதிகமாக உள்ளே கொண்டுவருகிறது. உள்ளேயும் பரவுகிறது என்பதை மறுக்கக் கூடாது. ஒரே பிளேடு, ஒரே ஊசி, பச்சை குத்துதல், உடலுறவு எல்லாம் அங்கே உண்டு. அதில் கட்டாயப்படுத்தப்படுகிறவர்களும் உண்டு. 1994-ல் திகார் சிறையில் ஆணுறை கொடுக்கும் யோசனையை நிர்வாகம் மறுத்தபோது ஒரு தன்னார்வ அமைப்பு டெல்லி உயர் நீதிமன்றம் போனது. உள்ளே உடலுறவு நடக்கிறது என்று ஒப்புக்கொண்டால் அதை அனுமதித்ததாகிவிடும் என்ற தயக்கம் இன்றும் தீரவில்லை. ஐ.நா.வின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகம் சிறைகளுக்குப் பரிந்துரைக்கும் 15 நடவடிக்கைகளில் ஆணுறையும் ஒன்று, பால்வினை நோய்ச் சிகிச்சையும் ஒன்று. என் கருத்தில் அந்தப் பட்டியல் முழுவதும் நம் சிறைகளுக்கு வர வேண்டும்.

"வெளியே வந்தாச்சு, இனி என்ன?"

சிகிச்சை அறுந்துபோவது பெரும்பாலும் இங்கேதான். எப்போது தொற்றியது என்று தெரியாத பழைய சிஃபிலிஸுக்கு வாரம் ஒன்றாக மூன்று ஊசி போட வேண்டும். இரண்டாவது ஊசி போட்ட மறுநாள் ஜாமீன் உத்தரவு வந்துவிட்டால் மூன்றாவதை யார் போடுவது? கர்ப்பிணியாக இருந்து தவணை தள்ளிப்போனால் மொத்தத்தையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் அது பரவக்கூடிய நோய். கூட்டு மருந்து சாப்பிடுகிறவர் மாத்திரை டப்பா இல்லாமல் சாயங்காலம் வாசலில் விடப்பட்டால், மறுநாள் எங்கே போவது என்று தெரியாமலே நிறுத்திவிடுவார்.

குணமாகக்கூடிய பால்வினை நோய்களில், வெளியே வந்தவரின் மனைவிக்கோ கணவருக்கோ துணைவருக்கோ சேர்த்து மருந்து கொடுக்காவிட்டால் அவருக்குக் கொடுத்ததும் வீணாகலாம். குணமான சில நாளில் அதே நோய் திரும்பி வரலாம். சொல்லச் சங்கடமாக இருக்கும்தான். சிறை ஆலோசகரிடமோ, எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் நடக்கும் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்திலோ எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். அது அவர்கள் வேலையில் ஒரு பகுதி.

ஒரு முறை முழுச் சிகிச்சை பெற்றவருக்கு, சில வகை சிஃபிலிஸ் சோதனைகள் ஆயுள் முழுக்க 'பாசிட்டிவ்' என்றே காட்டும். அதைப் பார்த்துப் புதிதாக நோய் வந்துவிட்டது என்று வீட்டில் சண்டை வந்த குடும்பங்கள் உண்டு. ஆர்.பி.ஆர். அளவு 1:32-லிருந்து 1:8 ஆக இறங்கியிருக்கிறதா என்று பார்த்துத்தான் குணத்தை முடிவு செய்கிறார்கள்.

அதனால் வெளியே வரும் நாளில், வீட்டார் வழக்குக் காகிதங்களோடு இன்னும் சிலவற்றையும் கேட்டு வாங்க வேண்டும்: என்ன சோதனை செய்தார்கள், அளவு எவ்வளவு, எந்த மருந்து எத்தனை தவணை போட்டாயிற்று, அடுத்தது என்று என்பதெல்லாம் எழுதிய மருத்துவச் சீட்டு. கூட்டு மருந்து சாப்பிடுகிறவராக இருந்தால் கையிருப்பு மாத்திரையும், வீட்டுக்குப் பக்கத்து ஏ.ஆர்.டி. மையத்துக்கு மாற்றும் கடிதமும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1097 என்ற இலவச எண்ணில் கேட்கலாம், பெயர் சொல்லத் தேவையில்லை.