நடு இரவில் நியூரோ சர்ஜனுக்கு போன் செய்யும் முன்

தாலுகா மருத்துவமனையில் இரவு டியூட்டி. பைக்கில் இருந்து விழுந்தவரை 108 கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகிறது. மூளை அறுவை நிபுணர் இருப்பதோ மாவட்டத் தலைநகரத்து மருத்துவக் கல்லூரியில். அவருக்குப் போன் போட்டு, வாட்ஸ்அப்பில் சிடி ஸ்கேன் படம் அனுப்பி, "என்ன செய்யலாம் சார்?" என்று கேட்பது இன்று வழக்கமாகிவிட்டது. இதில் சட்டச் சிக்கலும் இல்லை. 2020 மார்ச் 25 அன்று வெளியான இந்தியத் தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் டாக்டருக்கு டாக்டர் இப்படிக் கலந்துபேசுவதை ஏற்கின்றன. ஆனால் சிகிச்சைக்குப் பொறுப்பு, யோசனை கேட்டவரிடமே இருக்கும்.

போனின் மறுமுனையில் இருப்பவருக்கு உங்கள் கண்ணும் கையும்தான் உண்டு. நீங்கள் எடைபோட்டுச் சொல்லும் முடிவு அவருக்குப் பயன்படாது; கண்டதைக் கண்டபடி சொல்ல வேண்டும். இந்த அழைப்புகளை எடுத்து எடுத்துப் பழகியவன் என்ற முறையில், எங்கே சறுக்குகிறது என்று எழுதுகிறேன்.

1. போனை எடுக்கும் முன்

மூச்சுப்பாதை, ஆக்சிஜன், கழுத்துக்குக் காலர், ரத்தச் சர்க்கரை. இவை முடிந்திருக்க வேண்டும். பெரியவர்களில் ரத்த அழுத்தம் சரிந்தால் தலைக்காயத்தின் மேல் பழி போடாதீர்கள். வயிறு, மார்பு, இடுப்பெலும்பு, மண்டைத்தோல் காயம் என்று ரத்தம் போகும் இடத்தைத் தேடுங்கள்.

2. ஜிசிஎஸ்: கூட்டுத்தொகை வேண்டாம்

கிளாஸ்கோவில் டீஸ்டேலும் ஜென்னட்டும் 1974-இல் கொடுத்த அளவுகோல். கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6. இது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பத்து அழைப்பில் பாதி "ஜிசிஎஸ் எட்டு சார்" என்றுதான் தொடங்குகிறது. ஈ1 வி2 எம்5 என்றாலும் எட்டு. ஈ3 வி2 எம்3 என்றாலும் எட்டு. முதலாமவர் வலிக்கும் இடத்தைத் தேடிக் கையைக் கொண்டுவருகிறார். இரண்டாமவரின் கை கோணலாக மடங்குகிறது. என்னைப் பொறுத்தவரை இருவரும் வேறு வேறு நோயாளிகள். மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். அசைவைச் சொல்லும்போது எண்ணோடு நிறுத்தாமல், கை என்ன செய்தது என்று வாக்கியமாகவே சொல்லுங்கள்.

அந்த அசைவில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். ஆகவே கொஞ்சம் விரிவாக.

முதலில் கட்டளை. "கையைப் பிடிங்க" என்று கேட்காதீர்கள். உள்ளங்கையில் எது பட்டாலும் விரல் தானாக மூடிக்கொள்ளும் நோயாளிகள் உண்டு. "ரெண்டு விரலைக் காட்டுங்க", "நாக்கை நீட்டுங்க" என்று கேளுங்கள். செய்தால் எம்6. திருப்பூர், ஓசூர் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நோயாளி பீகாரிலோ ஒடிசாவிலோ இருந்து வந்த தொழிலாளியாக இருக்கலாம். தமிழில் சொன்னதைச் செய்யவில்லை என்று மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். கூட வந்தவரை அவர் மொழியில் சொல்லச் சொல்லுங்கள்.

கட்டளைக்கு இணங்கவில்லை என்றால் வலி. நெஞ்செலும்பை முஷ்டியால் தேய்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கை நெஞ்சுக்கு வந்தால் அது தடுக்க வந்ததா, வெறுமனே மடங்கியதா என்று தெரியாது. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே உள்ள தசையைக் கிள்ளுங்கள். முகத்தில் எலும்பு முறிவு இல்லையென்றால் புருவத்தின் உள்மூலையில் கட்டைவிரலால் அழுத்தலாம். அழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டிப் பத்து விநாடி வரை பாருங்கள். லேசாகத் தொட்டுவிட்டு "ரெஸ்பான்ஸ் இல்லை" என்பது சோதனை ஆகாது.

இப்போது கையைப் பாருங்கள். காறையெலும்புக்கு மேலே ஏறி, வலிக்கும் இடத்துக்கு வந்தால் எம்5. அவ்வளவு தூரம் ஏறாமல் முழங்கை வெடுக்கென மடங்கினால் எம்4. மெதுவாக, மார்புக்குக் குறுக்கே, மணிக்கட்டு வளைந்து, கட்டைவிரல் உள்ளே மடங்கினால் எம்3. முழங்கை விறைத்து நீண்டால் எம்2. ஒன்றுமே இல்லை என்றால் எம்1. சந்தேகம் இருந்தால் வாதாடாமல், இரண்டு கையும் தெரிகிற மாதிரி வீடியோ எடுத்து அனுப்புங்கள். மதிப்பெண் நல்ல பக்கத்துக்கு. மறுபக்கம் பலவீனமாக இருந்தால் அதைத் தனியாகச் சொல்லுங்கள்.

கண் வீங்கி மூடியிருந்தாலோ, வாயில் குழாய் இருந்தாலோ 1 என்று போடாமல் "சோதிக்க முடியவில்லை" என்று சொல்லுங்கள். மயக்க மருந்து கொடுப்பதற்கு முந்தைய மதிப்பெண்தான் எனக்கு வேண்டும். கொடுத்துவிட்டீர்கள் என்றால் எந்த மருந்து, எத்தனை மணிக்கு?

"தண்ணி போட்டிருக்கார் சார், அதான் தூங்குறார்" என்ற வாக்கியத்தை மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். குடித்தவர் மண்டைக்குள்ளும் ரத்தம் கட்டும்.

3. கண்மணி

அறை விளக்கைக் குறைத்து, டார்ச் அடித்து, இரு கண்ணிலும் அளவை மில்லிமீட்டரில் சொல்லுங்கள். ஒளிக்குச் சுருங்குகிறதா என்றும் சொல்லுங்கள். வயதானவர் என்றால் கண்புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறதா என்று உறவினரிடம் கேளுங்கள். ஆபரேஷன் ஆன கண்மணி வட்டம் குலைந்து, ஒளிக்கு மந்தமாக இருக்கலாம். நினைவு மங்கிக்கொண்டே வர, ஒரு கண்மணி மட்டும் விரிந்து அசையாமல் நின்றால், அதுதான் அழைப்பின் முதல் வாக்கியம்.

4. சிடி படம்

பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எடுத்த ஒரே ஒரு போட்டோ எதற்கும் உதவாது. ஸ்கேன் அறையின் மானிட்டரில், மண்டையின் அடியில் இருந்து உச்சிவரை மெதுவாக உருட்டி வீடியோ எடுங்கள். ஒருமுறை பிரெயின் விண்டோ, ஒருமுறை போன் விண்டோ. அறை விளக்கை அணையுங்கள். இடம் வலம் குறியும் அளவுகோலும் படத்துக்குள் இருக்கட்டும். நோயாளி பெயரை மறையுங்கள். வாட்ஸ்அப்பில் "டாக்குமென்ட்" ஆக அனுப்பினால் தெளிவு குறையாது. இந்தச் சின்ன உபாயம் தெரியாமல் எத்தனை பேர் மங்கல் படம் அனுப்புகிறார்கள்!

விபத்து எத்தனை மணிக்கு, ஸ்கேன் எத்தனை மணிக்கு என்பதையும் சேருங்கள். அடிபட்ட உடனே எடுத்த ஸ்கேனில் ரத்தக்கட்டு சிறிதாக இருந்து, பிறகு வளரலாம். கட்டின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி இரண்டால் வகுத்தால் ஏறக்குறைய மில்லிலிட்டர் கிடைக்கும். டியூராவுக்கு வெளியே உள்ள கட்டு 30 மில்லிக்கு மேல் போனால், ஜிசிஎஸ் எவ்வளவாக இருந்தாலும் அறுவை என்பதே விதி. டியூராவுக்கு அடியில் என்றால் 10 மில்லிமீட்டர் தடிமன், அல்லது நடுக்கோடு 5 மில்லிமீட்டருக்கு மேல் விலகல்.

5. பேச்சு

இப்படிச் சொல்லுங்கள்: "வயது 34. ஒன்பது மணிக்கு விபத்து. பத்தரைக்கு ஈ2 வி2 எம்5, வந்தபோது எம்6. வலது கண்மணி 5, அசையவில்லை. இடது 3, சுருங்குகிறது. பிபி 130/80. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை. ஸ்கேன் அனுப்பியிருக்கிறேன்." அரை நிமிடம்கூட ஆகாது. கடைசி மாத்திரை விவரத்தை விட்டுவிடாதீர்கள். வார்ஃபரின், குளோபிடோகிரெல் சாப்பிடுபவர் என்றால் திட்டமே மாறும்.

6. வண்டி வரும்வரை

தலைப்பக்கம் 30 டிகிரி உயரட்டும். ஜிசிஎஸ் எட்டு அல்லது அதற்குக் கீழே என்றால் குழாய் போட்டு அனுப்புங்கள். கண்மணி விரிந்து, ரத்த அழுத்தம் சரியாகவும் இருந்தால் மானிட்டால்: கிலோவுக்கு 1 கிராம் கணக்கில் 60 கிலோ ஆளுக்கு 20 சதவீதக் கரைசல் 300 மில்லி, அதாவது நூறு மில்லி பாட்டில் மூன்று. சிறுநீர்க் குழாயை மறக்க வேண்டாம். டெக்ஸாமெத்தசோன் வேண்டவே வேண்டாம். தலைக்காயத்தில் ஸ்டீராய்டு இறப்பைக் கூட்டும் என்று 2004-இலேயே கிராஷ் ஆய்வு காட்டிவிட்டது. டிரானெக்சாமிக் அமிலம் கொடுப்பதானால் அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள்.

பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஜிசிஎஸ் பார்த்து நேரத்தோடு எழுதுங்கள். அசைவில் ஒரு மதிப்பெண் குறைந்தாலும் உடனே மறுபடி கூப்பிடுங்கள். யார் என்ன சொன்னார், எத்தனை மணிக்கு என்பது கேஸ் ஷீட்டில் இருக்கட்டும். உறவினர் பணத்தை நினைத்துத் தயங்கினால், சாலை விபத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை "இன்னுயிர் காப்போம்" திட்டம் ஏற்கும் என்று சொல்லுங்கள்.

எண் மறந்துபோனாலும் பரவாயில்லை, கை எங்கே போனது என்று சொல்லுங்கள். தூக்கத்தில் எழுப்புகிறோமே என்று மட்டும் தயங்காதீர்கள். எழுப்பத்தான் எங்கள் எண்ணைக் கொடுத்திருக்கிறோம்.