ஹெல்சிங்கியில் ஒரே ஒரு நாள்

கேள்வி: ஜூன் மாதம் ஹெல்சிங்கியில் ஒரு நாள் தங்குகிறோம். எதைத் தவறவிடக் கூடாது?

பதில்: சந்தேகமே வேண்டாம், சுவோமென்லின்னா தீவுக்கோட்டைதான். துறைமுகத்தை ஒட்டிய சந்தைச் சதுக்கத்திலிருந்து படகு கிளம்புகிறது. கால் மணி நேரப் பயணம். நகரப் பேருந்து, டிராமுக்கு வாங்கும் டிக்கெட்டே இந்தப் படகுக்கும் செல்லும். தனிச் சுற்றுலாப் படகுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

பின்லாந்து சுவீடன் வசம் இருந்தபோது, ரஷ்யாவுக்குப் பயந்து 1748-ல் கட்டத் தொடங்கிய கோட்டை இது. 1808-ல் அதே ரஷ்யப் படையிடம் சரணடைந்தது. இன்று யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். ஆனாலும் வெறும் காட்சிப்பொருள் அல்ல. சுமார் 800 பேர் அங்கே குடியிருக்கிறார்கள். மதிலுக்குள் துணி காய்வதையும், பீரங்கிகளுக்குப் பக்கத்தில் பிள்ளைகள் விளையாடுவதையும் பார்க்கலாம். எனக்கு அந்தத் தீவில் மிகவும் பிடித்ததே அதுதான். சுரங்கப்பாதைகள் கும்மிருட்டு, டார்ச் எடுத்துச் செல்லுங்கள்.

திரும்பியதும் சதுக்கத்துக் கூடாரக் கடையில் சால்மன் மீன் சூப் குடியுங்கள். பால் சேர்த்து, உருளைக்கிழங்கு போட்டு, மேலே சோயிக்கீரை தூவித் தருவார்கள். கடற்காகங்கள் தட்டிலிருந்தே பறித்துவிடும், கவனம்!

பிறகு தெம்பெலியவுகியோ தேவாலயம். பாறையைக் குடைந்து 1969-ல் முடித்தது. கூரை செம்பு, சுவர் கரடுமுரடான கல். உள்ளே பத்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள்.

ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். அவசரப்பட வேண்டாம். ஆனால் கடற்காற்று குளிரும், ஸ்வெட்டரை மறக்காதீர்கள்.