சட்டகத்திற்கு வெளியே ஓர் ஏரி

நுழையும்முன்
திறன்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இன்று ஒளிப்படக் கலைஞரே. அழகான இடத்திற்குச் செல்கிறோம், படம் எடுக்கிறோம், திரும்புகிறோம். ஆனால், நாம் எடுத்த படத்தில் அந்த இடம் முழுமையாக இருக்கிறதா? பழவேற்காட்டு ஏரியை முன்வைத்து இவ்வினாவைச் சிந்திக்கிறது இப்பாடம்.

ஏரியை நோக்கி
சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர்த் தொடர்வண்டி மீஞ்சூரைக் கடந்ததும் அனுப்பம்பட்டில் நிற்கும். அடுத்த நிலையம் பொன்னேரி. அங்கிருந்து பேருந்தில் கிழக்கே சென்றால் பழவேற்காட்டை அடையலாம். ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. இதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டிலும் அமைந்துள்ளன. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கிறது ஸ்ரீஹரிகோட்டாத் தீவு. டச்சுக்காரர்கள் 1613இல் எழுப்பிய கெல்டிரியா கோட்டையின் சிதைவுகளும், அவர்களின் பழைய கல்லறைகளும் ஊருக்குள் உள்ளன. ஒளிப்படக் கலைஞர்கள் இங்கே ஒரு நாள் பயணமாக வந்து செல்வதில் வியப்பில்லை.

ஒளியின் வேளை
ஒளிப்படத்திற்கு உகந்தவை காலையும் மாலையும். அப்போது கதிரவன் தாழ்ந்திருப்பதால் ஒளி சாய்வாக விழும், நிறங்கள் மென்மையாகும், நீர் பொன்னாகும். நெய்தல் நிலத்திற்குப் பகல் சாயும் எற்பாட்டைச் சிறுபொழுதாக வகுத்த நம் முன்னோரும் இவ்வொளியை அறிந்தவர்களே. கதிரவனை எதிர்நோக்கிப் படகைப் படமெடுத்தால் அது கரிய நிழலுருவாகப் பதியும். கண்ணைக் கவரும் படம்தான். ஆயினும், அதில் படகு தெரியும். படகோட்டியின் முகம் தெரியாது.

குளிர்காலத்தில் இங்கு வரும் பூநாரைகளுக்கும் இது பொருந்தும். அவை வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, நுண்ணுயிர்களையும் பாசிகளையும் வடித்து உண்பவை. அவ்வுணவிலுள்ள நிறமியே அவற்றின் இறகுகளுக்கு இளஞ்சிவப்பைத் தருகிறது. கூட்டமாகப் பறக்கும் காட்சிக்காக அவற்றை ஒலியெழுப்பி விரட்டுவோர் உண்டு. ஒரு படத்திற்காகப் பறவைகள் இழப்பது இரைதேடும் பொழுதையும் உடல் ஆற்றலையும். பொறுமையாகக் காத்திருப்பவருக்குப் பறவை தானே பறந்து காட்டும்.

பாடு என்னும் சொல்
இவ்வேரியின் மீனவர் வழக்கில் ‘பாடு’ என்னும் சொல்லுக்குத் தனிப்பொருள் உண்டு. வலையிடும் நீர்ப்பரப்பையும், அதனைப் பகிர்ந்துகொள்ளும் முறையையும் அது குறிக்கும். நல்ல மீன்பாடுள்ள இடத்தை ஒருவரே கைக்கொண்டால் மற்றவர் பட்டினி கிடக்க நேரும். ஆதலின், பாட்டுரிமை பெற்ற ஊர்களில் யார், எந்நாளில், எவ்விடத்தில் வலையிடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கியும் முறைவைத்தும் முடிவு செய்வர். கரையிலிருந்து பார்ப்பவருக்கு ஏரி எல்லையற்ற வெறும் நீராகத் தோன்றும். மீனவருக்கோ அது பெயரிட்டு, பங்கிட்டு, காக்கப்படும் பொதுச்சொத்து.

அவ்வுரிமை இல்லாதவர்களும் இக்கழிமுகப் பகுதியை நம்பி வாழ்கின்றனர். தெற்கே எண்ணூர் அருகே, கொசஸ்தலையாற்றிலும் பக்கிங்காம் கால்வாயிலும் வலையின்றிக் கைகளாலேயே இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் உள்ளனர். கூடையை வாயில் கவ்வியபடி, நீருக்கடியில் துழாவும் அவர்களைப் படமெடுத்தவர் ஒளிப்படக் கலைஞர் எம். பழனி குமார். மதுரையில் மீன் விற்ற தாயின் மகனான இவர், தம் தாயின் உழைப்பையும் படங்களாகப் பதிவு செய்துள்ளார். தயாநிதா சிங் – பாரி ஆவண ஒளிப்பட விருது முதன்முதலில் வழங்கப்பட்டபோது, 2022இல் அதனைப் பெற்றவர் இவரே. இவர் படங்களில் உழைப்பவர்கள் நிழலுருவங்களாக நிற்பதில்லை. முகத்தோடும் வாழ்க்கைக் கதையோடும் இடம்பெறுகின்றனர்.

அழகிய மணல்திட்டு
ஏரி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் அலைகளும் கரையோர நீரோட்டமும் மணலைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. இறால்களில் பல வகைகள் கடலில் முட்டையிடும்; அவற்றின் குஞ்சுகள் கழிக்குள் புகுந்து வளர்ந்து மீண்டும் கடலுக்குத் திரும்பும். முகத்துவாரம் தூர்ந்தால் அவ்வழி அடைபடும், ஏரிக்குள் ஓத நீர் ஏறி இறங்குவதும் குறையும், வலைகள் வெறுமையாகும். வாயிலை நிலையாகத் திறந்துவைக்க வேண்டும் என்பது மீனவர்களின் நெடுநாள் கோரிக்கை. பயணியின் படத்தில் மாலை ஒளியில் மின்னும் மணல்திட்டு, மீனவரின் கண்ணுக்கு அடைபட்டுவரும் வாயில்.

படம் எடுப்பவர் கடன்
ஒளிப்படம் எடுப்பது தெரிவு செய்வதாகும். சட்டகத்திற்குள் சிலவற்றைக் கொள்கிறோம், பலவற்றை விலக்குகிறோம். அதைத் தவிர்க்க இயலாது. ஆனால், விலக்கியது என்ன என்பதை அறிந்து விலக்க வேண்டும். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகவும், பறவை முதல் தொழில் வரை அனைத்தையும் கருப்பொருளாகவும், மாந்தர் ஒழுக்கத்தை உரிப்பொருளாகவும் இணைத்துக் கண்டது தமிழ் மரபு. நெய்தலின் அழகை அங்கு வாழ்வோரிடமிருந்து அது பிரிக்கவில்லை.

எனவே, கருவியை எடுக்கும் முன் கரையில் இருப்பவரிடம் பேசுங்கள், இசைவு பெறுங்கள், வலையின் பெயரையும் காற்றின் பெயரையும் கேளுங்கள். எடுத்த படத்தின் ஒரு படியை அவர்களுக்கும் அனுப்புங்கள். படத்தின் அடியில் ‘அழகிய ஏரி’ என்று எழுதுவதற்கு மாறாக, அங்கே என்ன நடக்கிறது என்பதை இரண்டு வரியில் எழுத உங்களால் முடிந்தால், அந்த ஒரு நாள் வீணாகவில்லை.

கற்பவை கற்றபின்
1. ‘பாடு’ என்னும் சொல் உங்கள் பகுதியில் வழங்கும் பொருள்களைத் தொகுத்து எழுதுக.
2. உங்கள் ஊர் நீர்நிலையில் உழைப்பவர் ஒருவரிடம் இசைவு பெற்று ஒளிப்படம் எடுத்து, ஐந்து வரிகளில் விளக்கக் குறிப்பு எழுதுக.
3. ‘ஒரே மணல்திட்டு, இரு பார்வைகள்’ – வகுப்பறையில் கலந்துரையாடுக.